சயாமாவின் ஒரே கேள்வி

போன மாதம் எங்கள் லேபுக்கு ஒரு புது இயந்திரம் வந்தது. ஓய்வு பெற்றவளை மறக்காமல் கூப்பிட்டிருந்தார்களே என்று நானும் குடையை எடுத்துக்கொண்டு போனேன். யாங்கோனின் தாமுவே சந்தைக்குப் பின்னால், அதே இரண்டாம் மாடி, அதே வழுக்கும் படிகள். இயந்திரத்துக்கு முன்னால் தட்டில் காம்போடு ஒரு பச்சைத் தேங்காயும் அதைச் சுற்றி வாழைச் சீப்புகளும் வைத்திருந்தார்கள். யாங்கோனில் புது பஸ் வந்தாலும் சரி, புது ஜெனரேட்டர் வந்தாலும் சரி, முதலில் அதற்கு இந்த மரியாதையைச் செய்துவிட வேண்டும்.

சர்க்கரை நோயாளியின் ரத்தத்தைக் கொடுத்தால் போதுமாம். இதயத்துக்கு ஆபத்து எவ்வளவு என்பதை இந்த இயந்திரமே கணக்குப் போட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டிவிடுமாம். லேபில் இருந்த பெண்களுக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை வருடத்தில் நான் பார்த்து மிகவும் பயந்த எண் எது என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் ஏதோ பெரிய எண்ணை எதிர்பார்த்தார்கள். நான் பார்த்ததிலேயே சின்ன எண்தான் என்றேன். சிரித்தார்கள். வெளியே ஆடி மழை கொட்டிக்கொண்டிருந்ததால் என்னாலும் கிளம்ப முடியவில்லை. உட்கார்ந்து சொன்னேன். அங்கே அவசரத்தில் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். அப்பா நகராட்சியில் தண்ணீர்க் குழாய் வேலை பார்த்தார். நான் ரத்தக் குழாய்க்கு வந்துவிட்டேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அரசு மருத்துவமனையில், சிறுநீரில் நீல மருந்தை ஊற்றிக் கொதிக்க வைத்துச் சர்க்கரை பார்த்த கடைசித் தலைமுறை எங்களுடையது. நீலம் பச்சையாகும், பச்சை மஞ்சளாகும், கெட்ட காலமாக இருந்தால் செங்கல் நிறம் வரும். இன்றைக்கும் மத்தியானம் கண் அசந்தால் அந்த நிறங்கள் வரிசையாக வந்து போகின்றன.

அதன் பிறகு வாழ்நாள் முழுக்க சயாமாவிடம்தான் வேலை. பர்மியப் பேச்சில் டீச்சரம்மாவும் சயாமாதான், டாக்டரம்மாவும் சயாமாதான். எங்கள் சயாமா ரத்தம், திசு பார்க்கும் டாக்டர். ஒல்லியான உருவம். தும்பை வெள்ளையில் சட்டை, பழுப்பில் தமெய்ன் என்கிற பர்மியச் சுற்றுப் பாவாடை. வெல்வெட் செருப்பை அறை வாசலில் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போய் உட்கார்ந்தால் மத்தியானம்வரை வெளியே வர மாட்டார். பக்கத்தில் பிளாஸ்கில் பால் சேர்க்காத பச்சைத் தேயிலை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் பேச்சு இன்னும் மெதுவாகும். எங்களுக்கு அதுவே போதும்.

ரிப்போர்ட்டுகளை அவர் பார்க்கும் விதம்தான் விசேஷம். கையெழுத்துக்குக் கொண்டுபோய் வைத்ததும் தாளைக் குப்புறக் கவிழ்த்துவிடுவார். ரத்தம் எடுத்தவள் யாரோ அவள் முகத்தைப் பார்ப்பார். "எப்படி நடந்து வந்தார்?" என்று பர்மியில் கேட்பார். அந்த ஒரே கேள்விதான். நாம் பதில் சொன்ன பிறகுதான் தாளைத் திருப்புவார். நம்முடைய பதிலும் தாளில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போனால் கையெழுத்து விழும். இல்லாவிட்டால் அந்த ரத்தம் மறுபடி இயந்திரத்துக்குப் போகும்.

புதிதில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. ரத்தம் எடுக்கவா, ஆள் நடப்பதை வேடிக்கை பார்க்கவா சம்பளம் தருகிறார்கள் என்று முணுமுணுத்திருக்கிறேன். போகப் போகக் காது தானாகவே படிக்கட்டுக்குப் போய்விட்டது. ரப்பர் செருப்புச் சத்தத்தை வைத்தே வருகிறவர் பாதம் மரத்தவரா, மூட்டு வலிக்காரரா, ஊசிக்குப் பயந்தவரா என்று தெரிந்துவிடும். அதிகாலையில் சென்ட்ரிபியூஜ் உறுமிக்கொண்டு சுற்றும்போது நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். அது நின்றதும் சிவப்பு அடியில் தங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். அந்தக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், படியேறி வந்த ஆள் அதற்குள் அமைதியாகத் தூங்குவதுபோலத் தோன்றும். நான் கொஞ்சம் கனவுக்காரிதான். சயாமாவுக்கும் அது தெரியும், திட்டியதில்லை.

எங்கள் தெருமுனை டீக்கடை செல்வம் அண்ணன் மாதாமாதம் சர்க்கரை பார்க்க வருவார். வரும்போதெல்லாம் ஒரு ஜோக் இருக்கும். நெஞ்சு வலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு காலை டீ ஆற்றிக்கொண்டே இருந்தவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார், அதன்பின் எழுந்திருக்கவில்லை. செய்தி கேட்டு நான் சயாமா அறையில் நின்று அழுதேன். பல வருடச் சர்க்கரையில் நரம்புகள் மந்தமாகிவிடும், இதயம் கத்தினாலும் உடம்புக்குக் கேட்காது, ஆனால் ரத்தத்தில் மட்டும் அது கசியும் என்று அவர் எனக்கு விளக்கினார். அந்த வருடமே சர்க்கரைக்காரர்களுக்கென்று சில பரிசோதனைகளைச் சேர்த்துவிட்டார். இதயத் தசை காயப்பட்டால் கசியும் ஒன்று, இதயம் பாரம் தாங்காமல் இழுபடும்போது சுரக்கும் ஒன்று, அப்புறம் சிறுநீரில் வெளியேறும் புரதம். வலி வருவதற்கு முன்பே ரத்தத்தில் சேதி வந்துவிடும் என்பதுதான் ஏற்பாடு. அந்த ஏற்பாடு எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. ஒரே ஒரு தடவை எங்களை ஏமாற்றப் பார்த்தது.

மல்லிகா அக்காவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நகரின் பபேடான் பேட்டையில் மசாலாக் கடை வைத்திருந்தார். அப்பா தமிழர், அம்மா பர்மியப் பெண்மணி. வீட்டில் புத்தர் மாடமும் உண்டு, அம்மன் படமும் உண்டு. கணவர் இல்லை. ஒரே மகள் பாங்காக்கில். அந்தப் பெண்ணுக்கு வயிற்றில் பிள்ளை தங்காமல் தங்காமல் போய், கடைசியில் ஒன்று நல்லபடியாகப் பிறந்தது. அதற்காக அக்கா இரண்டு பக்கமும் வேண்டிக்கொண்டிருந்தார். அம்மா வழிக்குத் தலைமுடி. திஞ்சான் தண்ணீர்த் திருவிழா விடுமுறையில் மடத்தில் தலையை மழித்துக்கொண்டு, ரோஸ் நிற உடுப்பில் சில நாள் பிக்குணியாக இருந்துவிட்டு வந்தார். இங்கே பெண்கள் பலர் செய்வதுதான். அப்பா வழிக்குப் பால்குடம். ஆற்றுக்கு அக்கரையில், தன்லியின் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓர் அம்மன் கோயிலில் ஆடித் திருவிழா நடக்கும். ஆற்றுப் பாலம் இறங்கிய இடத்திலிருந்து கோயில்வரை விரதமிருந்து, வெறுங்காலோடு, தலையில் குடத்தோடு நடக்க வேண்டும். கொஞ்ச தூரமில்லை.

அக்காவுக்குச் சர்க்கரை வந்து பல வருடம் ஆகியிருந்தது. இதயம் பற்றிய ரத்தப் பரிசோதனை நன்றாக இருந்தால் நடக்கலாம், இல்லாவிட்டால் கூடாது என்று அவருடைய டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே திருவிழாவுக்கு முந்தின வாரம் எங்கள் லேபுக்கு வந்தார். தலையில் முடி விரற்கடை அளவு முளைத்திருந்தது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் பாதியில் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். நடுப்படியில் உட்கார்ந்து, விசிறியால் விசிறிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. மழை வேடிக்கை பார்க்குறேன்."

அங்கிருந்து மழை தெரியாது. சுவர்தான் தெரியும்.

வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று வழக்கம்போலக் கேட்டேன். சர்க்கரை மாத்திரை மட்டும்தான் என்றார். கையில் ரப்பர் பட்டையைக் கட்டும்போது கீழே குனிந்து பார்த்தேன். செருப்பு வார் பாதத்தில் பள்ளமாக அழுந்தியிருந்தது. கால் வீங்கியிருக்கிறது. குழாய்களில் அவர் முன்னாலேயே, அவர் பெயரை அவர் வாயாலேயே சொல்ல வைத்துச் சீட்டு ஒட்டினேன்.

மத்தியானம் தாளைச் சயாமா கவிழ்த்தார், கேட்டார். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார், கால் வீங்கியிருக்கிறது, பொய் சொல்கிறார் என்றேன். தாளைத் திருப்பினார். இதய எண்கள் இரண்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. ஓடியாடும் சின்னப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு குறைவாக வராது. அது போதாதென்று, டாக்டர் கூடவே கேட்டிருந்த தைராய்டு தறிகெட்டு வேகமாக ஓடுகிறது என்றது இயந்திரம். அப்படியானால் நாடி படபடக்க வேண்டும், ஆனால் என் விரலுக்குக் கீழே அக்காவின் நாடி சாவகாசமாகத்தான் நடந்தது. அதையும் சொன்னேன்.

சயாமா தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிளாஸ்க் மூடியில் தேயிலைத் தண்ணீர் ஆறிப்போனது. "இது வேறு யாரோ ஒருவருடைய ரத்தம்" என்றார் மிக மெதுவாக.

எனக்குச் சுருக்கென்றது. குழாய் மாறவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். அவர் என்னைச் சந்தேகப்படவில்லை, தாளைத்தான் சந்தேகப்பட்டார். மறுபடி ஓட்டினோம். அதே எண்கள். இதற்குள் அக்கா இரண்டு தடவை போன் செய்துவிட்டார். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் டாக்டர் சரி என்றிருப்பார், அக்கா சந்தோஷமாக நடந்திருப்பார். எனக்கு டீக்கடை ஸ்டூல்தான் கண்ணில் நின்றது. சயாமா கையெழுத்துப் போடவில்லை. புதிதாக ரத்தம் எடுத்து வா, இந்தத் தடவை அவரைப் படியேற விடாதே, நீயே போ என்றார்.

மறுநாள் காலை ஐஸ் பெட்டியோடு பபேடான் போனேன். கரண்ட் இல்லாத நேரம். தெரு முழுக்க ஜெனரேட்டர்கள் உறுமிக்கொண்டிருந்தன. அந்தத் தெருவில் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு நடைபாதைவரை தொங்கும். அதன் நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. பேப்பர்காரர் கிளிப்பில் பேப்பரை மாட்டிக் கயிற்றை இழுப்பார், மேலே மணி அடிக்கும். நானும் இழுத்தேன். நான்காம் மாடியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கயிற்றில் இறக்கினார்.

மேலே போனால் அறை முழுக்கச் சீரகமும், முகத்தில் பூசிக்கொள்ளும் தனக்கா என்ற பர்மியக் கட்டையும் கலந்த வாசனை. அக்கா கண்ணாடி மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து சந்தனம்போலத் தனக்கா அரைத்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் பூசினார், குட்டை முடியைச் சீப்பால் வாரினார். சீப்புக்குப் பக்கத்தில் இருந்த புட்டியைத் திறந்து, ரோஸ் மாத்திரை ஒன்றைத் தண்ணீரோடு விழுங்கினார். எல்லாம் ஒரே அலங்காரத்தின் பகுதிபோல, என் கண் முன்னாலேயே நடந்தது. நான் ஊசிப் பெட்டியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னக்கா அது?"

"முடி மாத்திரை. பாங்காக்ல இருந்து மக அனுப்புனா. நாளைக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கு. நான் மூணு போடுறேன். ஆடிக்குள்ள பூ நிக்கிற அளவாச்சும் வளரணும்ல?"

மருந்து வேறு எதுவும் இல்லை என்றீர்களே என்று கேட்டேன். என்னை வினோதமாகப் பார்த்தார். தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயையும் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அவர் பேரில் தப்பே இல்லை. சர்க்கரை மாத்திரை சமையலறை அலமாரியில் இருந்தது, அது மருந்து. இது கண்ணாடி மேஜையில் இருந்தது, இது அலங்காரம். என்னைக் கேட்டால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

எனக்கு அந்தப் புட்டியைப் பற்றி ஒன்றும் புரியவில்லை. சும்மா படம் எடுத்துச் சயாமாவுக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் போன் வந்தது. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதேயில்லை. ரத்தம் எடுக்காதே, அந்த மாத்திரையை நிறுத்தச் சொல், சனிக்கிழமை காலை எடு என்றார்.

பிறகு லேபில் எனக்குப் புரியும்படி சொன்னார். இயந்திரம் ரத்தத்தில் தூண்டில் போட்டுத்தான் இந்தப் பொருள்களைப் பிடிக்கிறது. தூண்டில் முள்ளை நூலோடு கட்டி வைத்திருப்பது ஒரு வைட்டமின், பயோட்டின். முடி மாத்திரையில் கொட்டிக் கிடப்பதும் அதே பயோட்டின். ரத்தத்தில் அது ஏராளமாக மிதந்தால் முள்ளுக்கு நூல் கிடைக்காது. மீன் இருந்தும் மாட்டாது. குளத்தில் மீனே இல்லை என்று இயந்திரம் அடித்துச் சொல்லும். தைராய்டு எண் தலைகீழானதும் இதே கதைதான். இப்படி ஒன்று உண்டென்று படித்திருக்கிறேன், என் மேஜைக்கு வரும் என்று நினைக்கவில்லை என்றார். அவர் முகத்தில் பயத்தை அன்றுதான் பார்த்தேன்.

சனிக்கிழமை அக்காவை டாக்ஸியில் வரவழைத்து, கீழே மருந்துக் கடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து ரத்தம் எடுத்தேன். மறுநாள் திருவிழா. மழை விடாமல் பெய்தது. குழாயைக் குலுக்காமல் மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்து எடுத்தேன், உறையக் காத்திருந்தேன், சுற்றவிட்டேன். நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது இயந்திரம் ஒரு மூச்சு நின்று மறுபடி கிளம்பியது. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. அந்த அரை மணி நேரம் நான் எங்கேயோ மிதந்துகொண்டிருந்தேன். அம்மனிடமா, புத்தரிடமா, யாரிடம் என்ன கேட்டேன் என்று நினைவில்லை. எண் குறைவாக வரட்டும் என்று ஆசைப்பட்டேன். குறைவாக வந்தால் அதை நம்பவும் மாட்டேன் என்பதும் தெரிந்திருந்தது.

எண் வந்தது. இரண்டுமே உயரத்தில் இருந்தன. தைராய்டு சமர்த்தாகத் தன் இடத்துக்கு வந்துவிட்டது.

சயாமா எழுந்தார். வாசலில் வெல்வெட் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். நோயாளியைப் பார்க்க அவர் கீழே இறங்கியது என் சர்வீஸில் அந்த ஒரு தடவைதான். மருந்துக் கடைக்காரர் பதறி எழுந்து நாற்காலி கொடுத்தார். அதை வேண்டாமென்று, அக்காவின் கால்களுக்கு எதிரே ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தார். இதயம் சிரமப்படுகிறது, வலி தெரியாததால் உங்களுக்கு அது தெரியவில்லை, திங்கட்கிழமையே இதய டாக்டரைப் பார்க்க வேண்டும், நாளைக்கு நடக்கக் கூடாது என்று பர்மியில் பொறுமையாகச் சொன்னார்.

அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், திங்கட்கிழமை வருகிறேன், நாளைக்கு நடந்துவிட்டு வருகிறேன் என்றார். பேத்திக்காக வேண்டியது, அம்மனிடம் வாக்குக் கொடுத்தது, அதை மீறினால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தார். இதற்கு எந்த லேபில் பதில் இருக்கிறது?

சயாமா புத்த மதத்துக்காரர். பால்குடம் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. நான் இரண்டு வரியில் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு எப்போதும் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"நீங்கள் அந்தத் தாய்க்கு என்ன தருவதாகச் சொன்னீர்கள்? பாலையா, உங்கள் கால்களையா?"

அக்கா குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். வார் அழுந்திய பள்ளம் அப்படியே இருந்தது.

"பாலைத்தான்" என்றார் பர்மியில். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார். "மக இங்க இல்ல. நீ தூக்குவியா தங்கச்சி?"

நான் எந்தக் கோயிலுக்கும் எதையும் தூக்கினவள் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் மீன் போட்ட மொஹிங்கா நூடுல்ஸ் வேறு சாப்பிட்டிருந்தேன். பூசாரியிடம் போனில் கேட்டதற்கு, உறவில் யாராவது குளித்து முழுகித் தூக்கினால் போதும் என்றார். தங்கச்சிதான் என்று அக்கா கூசாமல் சொல்லிவிட்டார். மொஹிங்காவை அம்மன் மன்னித்திருப்பாள் என்று நம்புகிறேன்.

ஞாயிறு காலை பாலம் இறங்கிய இடத்தில் நின்றோம். தூறல். அக்கா தனக்காக வாங்கியிருந்த மல்லிகைச் சரத்தை, பூ நிற்க இடமில்லாத தன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, என் கொண்டையில் வைத்தார். வருடக்கணக்காக லேப் தொப்பிக்குள் கிடந்த தலை அது. பூ வைத்த ஞாபகமே எனக்கு இல்லை. குடத்தைத் தூக்கி வைத்தார்கள். வேப்பிலை ஈரமாகக் காதில் உரசியது. நாதஸ்வரமும் மழையும் ஒன்றாகக் கேட்டன. எனக்குப் பின்னால் அக்கா சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில், குடை பிடித்துக்கொண்டு, என் புடவை முந்தானையின் நுனியைப் பிடித்தபடி வந்தார். அந்தச் சைக்காக்காரர் எங்கள் நடைக்கு ஏற்றபடி மிதித்தார். ரோடெல்லாம் நீர் படர்ந்து வானம் காலடியில் கிடந்தது. நான் எதன் மேல் நடக்கிறேன் என்றே தெரியவில்லை. முந்தானை இழுபட்ட போதெல்லாம் அவர் இருக்கிறார் என்று மட்டும் தெரிந்தது. நடுவழியில் ஒரு தரம் அந்த இழுப்பு நின்றது. குடத்தோடு திரும்ப முடியாமல் பயந்துபோய்க் கூப்பிட்டேன்.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன். மூக்கு துடைச்சேன். நீ நேரா பார்த்து நட, சரியா."

பால் அம்மனுக்குச் சேர்ந்தது. திங்கட்கிழமை இதய டாக்டர் பார்த்தார். ரத்தக் குழாய் இரண்டு இடத்தில் நன்றாகவே அடைத்திருந்தது. அடைப்பை எடுத்தார்கள். அந்த வெறுங்கால் நடையை அக்கா நடந்திருந்தால் என்று இதய டாக்டர் ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார். இப்போது பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். அக்காவுக்குக் கொண்டை போடும் அளவு முடி இருக்கிறது, தேங்காய் எண்ணெய் மட்டும்தான். கயிற்றை இழுத்தால் இன்றும் நான்காம் மாடியில் மணி அடிக்கும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, அப்படியானால் புது இயந்திரத்தை நம்பலாமா கூடாதா என்று லேப் பெண்கள் கேட்டார்கள். அதற்குள் மழை விட்டிருந்தது. நன்றாக நம்புங்கள் என்று சொல்லிவிட்டு, வாழைப்பழம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு படியிறங்கினேன். நடுப்படியில் அந்தத் திங்கட்கிழமை ஞாபகம் வந்து நின்றேன்.

அன்று நான் வேலைக்கு வந்ததும் நேராகச் சயாமா அறைக்குப் போனேன். தலையில் வாடின பூ, கழுத்து குடம் தூக்கிய வலியில் விறைத்திருந்தது. சனிக்கிழமை ரிப்போர்ட் இன்னும் கையெழுத்தாகாமல் அவர் மேஜையில் இருந்தது. எண்கள் அவருக்கு மனப்பாடம். அப்படியும் தாளைக் கவிழ்த்து வைத்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"எப்படி நடந்து வந்தார்?"

"நடக்கவில்லை, சயாமா. உட்கார்ந்து வந்தார்" என்றேன்.

சயாமா தாளைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார்.